மயில்கழுத்து நிறத்தில் ஒரு சீர்

ஜூலை 7

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்தது. வரிக்கு வரி பிழை. மாப்பிள்ளையின் பெயரில் மட்டும் பிழையில்லை. மத்தியாஸ் என்பது அவர்களுக்குப் புதிய பெயர், பயந்து பயந்து பார்த்துக் கோத்திருக்கிறார்கள். இதே ஊரில் வாழ்ந்து முடிந்த என் கணவர் பெயரைத்தான் 'பரந்தாமண்' என்று போட்டிருக்கிறார்கள். சிவப்பு மையால் திருத்தி, வீட்டு வேலைக்கு வரும் எல்லம்மாளிடம் கொடுத்தனுப்பினேன்.

"அந்த ஆளு உன் செவப்புப் பேனாவப் பாத்தாலே ஷட்டர எறக்குறாம்மா," என்றாள்.

இறக்கட்டும்.

நேற்று என் மகள் ஷோபனா ஜெர்மனியிலிருந்து வீடியோவில் மாப்பிள்ளையின் அம்மாவைக் காட்டினாள். ரெனாட்டே என்று பெயர். என் வயதுதான் இருக்கும், அவளும் கணவரை இழந்தவள். "உங்கள் பையன் கல்யாணத்துக்காவது தாடியை எடுப்பானா?" என்று கேட்டேன். ஷோபனா அதை ஜெர்மனில் சொன்னாள். அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக் கண் கலங்கி, நீளமாக ஏதோ பதில் சொன்னாள். தாடிக்கு யாராவது கண் கலங்குவார்களா? இந்தப் பெண் என் வாயில் என்ன வார்த்தையைப் போட்டு அனுப்பினாள்?

ரெனாட்டேவுக்கு இங்கிலீஷ் வராது. கிழக்கு ஜெர்மனிக்காரி, பள்ளியில் ரஷ்யன் படித்தவளாம். கான்வென்ட்டில் சிஸ்டர்களிடம் அடி வாங்கிக் கற்ற என் இங்கிலீஷ் முதல் தடவையாக உதவாமல் போனது.

எனக்கு ஒரே பெண். இனி அந்த வீட்டில் நான் யார் என்பதை இவள் மொழிபெயர்ப்புதான் முடிவு செய்யும். போன் மூலையில் தலையாட்டிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் உருகும் ஒரு நல்ல கிழவி. நான் அப்படிப்பட்டவள் இல்லை. அதை நானே சொல்ல வேண்டும்.

ஜெர்மன் படிக்கப் போகிறேன். ஷோபனாவுக்குச் சொல்வதாக இல்லை.

ஜூலை 9

அரக்கோணம் ரோட்டில் செல்போன் கடைக்கு மேலே ஜெர்மன் டியூஷன் சென்டர். வாசலில் இருந்த பலகையில் ஜெர்மனியின் ஸ்பெல்லிங்கே தப்பு. முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

நடத்துகிறவர் துளசிங்கம். ஐம்பது வயது, சாயம் பூசிய மீசை. நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகிற பெண்கள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் நுழைந்ததும் எழுந்து நின்றார்கள். இன்ஸ்பெக்‌ஷன் என்று நினைத்தார்களாம்.

"யாருங்க மேடம் படிக்கப்போறது? பேத்தியா?"

"நான்தான்."

"வயசு வரம்பு எல்லாம் நம்மகிட்ட கெடையாதுங்க," என்றார் பெருந்தன்மையாக.

நானும் அவருக்கு அறிவு வரம்பு பார்க்கவில்லை.

ஜூலை 14

இன்று பாடம்: அறிமுகமானவரிடம் பொழுதுபோக்கைப் பற்றிச் சாதாரணமாகக் கேட்பது, கேட்டால் சொல்வது. "வாஸ் ஸிண்ட் ஈரே ஹாபிஸ்?" உங்கள் பொழுதுபோக்குகள் என்ன? பதில் ஒன்றே ஒன்றுதான். மொத்த வகுப்பும் ஒரே குரலில்: "இஹ் ஷ்விம்மே கெர்ன்." நான் விரும்பி நீந்துகிறேன்.

யாருக்காவது நீந்தத் தெரியுமா என்று திரும்பிக் கேட்டேன். ஒரு கைகூட எழவில்லை.

"எதற்கு எல்லோருக்கும் நீச்சல்?"

"அது ஒரு டெக்னிக்குங்க மேடம்," என்றார் துளசிங்கம். "சமையல்னு சொன்னா இன்னா சமைப்பேன்னு அடுத்த கேள்வி கேப்பான். படிப்புன்னா எந்த புஸ்தகம்னு கேப்பான். மாட்டிக்குவோம். நீச்சல்னா இன்னா கேக்க முடியும்? தண்ணி, அவ்ளோதான். நம்ம பசங்க எல்லாமே இத்த சொல்லித்தான் பாஸாயிக்கினு இருக்காங்க."

ஆக, திருத்தணியிலிருந்து ஜெர்மனி போகும் ஒவ்வொரு நர்ஸும் நீச்சல் வீராங்கனை என்று அங்கே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அபத்தம்.

ஆனாலும் எழுதிக்கொண்டேன். எனக்கென்று ஒரு பொழுதுபோக்கு இருந்தால் அதையல்லவா சொல்லியிருப்பேன்? யோசித்துப் பார்த்தேன். சர்க்கரை ஆலை அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்தேன், வீட்டைப் பார்த்தேன், பெண்ணை வளர்த்தேன், அவர் படுக்கையில் கிடந்தபோது அவரைப் பார்த்துக்கொண்டேன். இதில் எது பொழுதுபோக்கு? கான்வென்ட் ரெக்கார்டில் சிஸ்டர் எல்லோருக்குமே 'தபால்தலை சேகரிப்பு' என்று எழுதிவிடுவார்கள். ஒரு தபால்தலைகூட என்னிடம் இருந்ததில்லை. அன்றைக்கே யாரும் கேட்கவில்லை.

துளசிங்கம் கரும்பலகையில் எழுதிய வாக்கியத்தில் ஒரு பிழை. புத்தகத்தைக் காட்டினேன். "மேடம் நல்லா கோரிகீரன் பண்றாங்க," என்று பெண்களைச் சிரிக்கவைத்தார். கோரிகீரன் என்றால் திருத்துவது. யாரும் மனப்பாடம் பண்ணச் சொல்லாமலே அந்தச் சொல் நின்றுவிட்டது.

ஜூலை 20

பேசிவிட்டேன்! ஷோபனா இல்லாமல், நானே ரெனாட்டேவைக் கூப்பிட்டு.

வணக்கம் சொன்னேன். நலமா என்றேன். பிறகு, "வாஸ் ஸிண்ட் ஈரே ஹாபிஸ்?" அவள் முகம் மலர்ந்த விதம்! வேகமாக என்னென்னவோ சொன்னாள். தலையாட்டினேன். பிறகு அவள் என்னைக் கேட்டாள். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "இஹ் ஷ்விம்மே கெர்ன்," என்றேன்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். அவளுக்கும் நீச்சல்தானாம். தினமும், ஏரியில், பனிக்காலத்தில்கூட. சுவரிலிருந்த போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். பனிக்கட்டிக்கு நடுவே ஒரு பள்ளம், பள்ளத்தில் அவள் தலை, தலையில் கம்பளிக் குல்லா.

அதன்பிறகு அடுக்கடுக்காகக் கேள்விகள். துளசிங்கத்தின் டெக்னிக் இந்த இடத்தில் கவிழ்ந்தது. எங்கே நீந்துவீர்கள் என்று கேட்டது மட்டும் புரிந்தது. எனக்குத் தெரிந்த நீர்நிலை எது? "சரவணப் பொய்கை," என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. மலையடிவாரத்தில் கோயில் குளத்தில் நான் நீந்துகிறேனாம்! அவள் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள்.

ஜூலை 21

ஷோபனா போன்.

"அம்மா! நீ நீச்சல் அடிப்பியா?"

"ஏன், அடிக்கக் கூடாதா?"

"நீ ஆத்துல கால் நனைக்கவே என் தோளப் புடிச்சுக்குவியேம்மா! எப்போ கத்துக்கிட்டே? ஜெர்மன் எப்போ கத்துக்கிட்டே? எங்கிட்ட சொல்லவே இல்ல!"

"என்னைப் பற்றி எல்லாம் உனக்குத் தெரியும் என்று நினைப்பா?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் குரலில் ஒரு மரியாதை இருந்தது. எனக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் குரல் இல்லை அது. இழக்க மனம் வரவில்லை.

ரெனாட்டே மேப்பில் பொய்கையைக் கண்டுபிடித்துவிட்டாளாம். கல்யாணத்துக்கு வரும்போது விடியற்காலையில் நாங்கள் இரண்டு பேரும் அங்கே சேர்ந்து நீந்த வேண்டுமாம். அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

ஜூலை 26

தூக்கம் இல்லை. துளசிங்கத்திடம், "பொழுதுபோக்கை விட்டுவிட்டேன் என்பதற்கு என்ன வாக்கியம்?" என்று கேட்டேன். "அது அடுத்த லெவலுங்க மேடம்," என்றார்.

ஆகஸ்ட் 4

ஜெர்மனியிலிருந்து பார்சல். கூரியர் பையன் மேலே ஒட்டியிருந்ததைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தான். "ஸ்விம்மிங் சூட்டு... யாருக்குங்க?"

"எனக்கு," என்று கையெழுத்துப் போட்டேன்.

பிரித்தால் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நீச்சலுடை. கூடவே ஒரு ரப்பர் தொப்பி. எல்லம்மாள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, மீதித் துணி எங்க?"

"இவ்வளவுதான்."

"ஜாக்கெட்டையும் பாவாடையையும் ஒண்ணா தெக்கச் சொல்ல துணி தீந்துபூட்சா?"

மாலையில் ஷோபனாவே கூப்பிட்டாள். "நான்தாம்மா சொன்னேன், மாப்பிள்ளையோட அம்மா பொண்ணோட அம்மாவுக்குத் துணி எடுத்துத் தரது நம்ம வழக்கம்னு. நான் புடவையைத்தான் நெனச்சுச் சொன்னேன். அவங்க, உன் அம்மாவுக்குப் பிடிச்சது எதுன்னு எனக்குத் தெரியும்னு சொல்லிட்டு... முருகனுக்கு மயில்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அந்த நிறத்தைத் தேடி வாங்கினாங்களாம்."

ஆக, இது சம்பந்தி வீட்டுச் சீர்.

ஆகஸ்ட் 5

சீராக வந்த துணியைக் கொடுத்தவர் கண்முன்னே ஒரு தடவையாவது உடுத்திக்காட்ட வேண்டும். இதை நான் ஊருக்கே சொன்னவள். என் நாத்தனார் மகன் கல்யாணத்தில், நான் பொறுக்கி எடுத்த புடவையைக் கட்டாமல் வேறொன்றைக் கட்டிக்கொண்டு வந்த சம்பந்தியம்மாள் வீட்டில் இன்றுவரை நான் தண்ணீர் குடித்ததில்லை.

ரெனாட்டேவுக்கு நான் வாங்கி அனுப்பிய பட்டுப்புடவையை அவள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் கட்டிக் கட்டிப் பழகுகிறாளாம். கொசுவம் நிற்கவில்லை என்று துணி உலர்த்தும் கிளிப் போட்டுக்கொள்கிறாளாம். அவள் அத்தனை பாடுபடும்போது நான் அவள் கொடுத்ததை அலமாரியில் வைத்துப் பூட்டுவதா?

இன்னொன்றும் எழுதிவைக்கிறேன். அவர் போனதிலிருந்து எனக்கு விசேஷங்களில் வருகிற புடவைகள் எல்லாம் சாம்பல், சந்தனம், வெளுத்த பச்சை. அடர்ந்த நிறம் உடுத்தக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டதும் இல்லை. பெட்டியைத் திறந்தபோது அந்த நிறம் கண்ணில் அடித்தது.

ஆகஸ்ட் 8

கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உடுத்திப் பார்த்தேன். உள்ளே போவதற்குப் போய்விட்டது. வெளியே வர மறுத்தது. ஒரு கை மேலே, ஒரு கை முதுகில், அப்படியே நின்றேன். கடைசியில் கதவைத் திறந்து எல்லம்மாளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்டியே இரும்மா, நகராத! வாழக்காய உரிக்கற மாரிதான் உரிக்கணும்!"

"சத்தம் போடாதே. பக்கத்து வீட்டில் கேட்கும்."

"கேட்டா இன்னாம்மா? உனுக்கு நல்லாத்தான் கீது."

நல்லாத்தான் கீதாம். கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தேன். ஒரே ஒரு தடவை.

ஆகஸ்ட் 16

ஆடிக் கிருத்திகை. தெருவெல்லாம் காவடி, மஞ்சள் துணி, மொட்டைத் தலைகள். வீட்டு வாசலைத் திறக்க முடியவில்லை. பொய்கையில் இறங்குகிறவர்களை மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். ஒருவராவது நீந்துகிறார்களா என்று பார்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போடுகிறார்கள், ஏறிவிடுகிறார்கள். சேர்ந்தாற்போல் இரண்டு கை வீசுகிறவர் யாருமில்லை. நான் மட்டும்தான் அங்கே நீந்துகிறவள்.

முருகா, எதையாவது செய்.

ஆகஸ்ட் 24

வந்துவிட்டார்கள். ரெனாட்டே நெடுநெடுவென்று இருக்கிறாள். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளைக்குத் தாடி இன்னும் இருக்கிறது. ஷோபனா இளைத்திருக்கிறாள்.

ராத்திரி படுக்கப் போகுமுன் ரெனாட்டே என் அறை வாசலில் நின்று கைகளால் நீந்துவதுபோல் காட்டினாள். பிறகு கேள்வியாகப் புருவத்தைத் தூக்கினாள். "யூபர்மோர்கன்," என்றேன். நாளை மறுநாள். ஒரு நாள் தள்ளிப்போட அந்தச் சொல்லாவது தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் 25

காய்ச்சல் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எழுபது வயதில் இத்தனை ஆரோக்கியம் எதற்கு?

ஷோபனாவிடம் சொல்லிவிடலாம் என்று அவள் அறைக்குப் போனேன். மத்தியாஸிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க அம்மா பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அடுத்தவங்க பொய்யையும் விடமாட்டாங்க." திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26

முழுவதையும் எழுதிவிட வேண்டும்.

விடிவதற்குள் கிளம்பினோம். நான், ரெனாட்டே, துண்டுப் பையோடு எல்லம்மாள். ஷோபனாவை எழுப்பவில்லை. மயில்கழுத்தை உள்ளே போட்டு, மேலே என் சாம்பல் நிறப் புடவையைக் கட்டிக்கொண்டேன். ரெனாட்டேவிடம், கோயில் குளம், உடம்பை மூட வேண்டும் என்று உதிரி ஜெர்மன் சொற்களாலும் சைகையாலும் சொல்லியிருந்தேன். புரிந்துகொண்டு ஷோபனாவின் நீளமான சுடிதாரில் வந்தாள். கணுக்காலுக்கு வெகு மேலேயே நின்றுவிட்டது.

படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் முழுகிக்கொண்டிருந்தார்கள். ரெனாட்டே தண்ணீரில் இறங்கித் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் முழங்கால் அளவு இறங்கினேன். பிறகு இடுப்பளவு. பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்கு. இன்னொன்று. மூன்றாவதும் போட்டு, முடிந்தது என்கிற பாவனையில் முகத்தை வழித்துக்கொண்டு நின்றேன்.

ரெனாட்டே காத்திருந்தாள். மிகவும் மரியாதையாக, "தாஸ் இஸ்ட் ஷ்விம்மன்?" என்று கேட்டாள். இதுதான் நீச்சலா?

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் இதைத்தான் நீச்சல் என்போம் என்றால் நம்பியிருப்பாள். நல்லவள். ஆனால் தப்பை ரைட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எவர் எழுதினாலும் தப்பு தப்புதான்.

"நைன்," என்றேன். "இஹ் கான் நிஹ்ட் ஷ்விம்மன்." எனக்கு நீந்தத் தெரியாது. மனப்பாடம் பண்ணாமல் நானே கோத்த முதல் வாக்கியம்.

புரியாமல் பார்த்தாள். பிறகு வந்ததெல்லாம் பாதி ஜெர்மன், பாதி கை. டியூஷன், டீச்சர், ஒரே பதில், எல்லா நர்ஸுக்கும் நீச்சல். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பு. சிரிப்பில் கால் வழுக்கி ஒரு தடவை உள்ளே போய் வந்தாள். கரையில் ஒரு பெரியவர், "யாத்திரைக்கு வந்த எடத்துல இன்னாம்மா கூத்து?" என்று கத்தினார்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள். மெதுவாக, எனக்குப் புரியும்படி, பாடப் புத்தகத்தில் இல்லாத மாதிரி: நீ எதை விரும்பிச் செய்வாய்? உண்மையாக?

யாரும் என்னை இப்படி நிறுத்தி வைத்துக் கேட்டதில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று யோசித்தேன். என்ன வரும்? கோலம் வராது. பாட்டு வராது. எதைச் செய்யும்போது எனக்குக் கை பரபரக்கிறது?

"இஹ் கோரிகீரே கெர்ன்," என்றேன். நான் விரும்பித் திருத்துகிறேன்.

மறுபடியும் சிரிப்பு. ஆனால் இந்த முறை நானும்.

அப்போதுதான் மேலே இருந்து எல்லம்மாள், "யம்மோவ்! தோள்ல பட்ட தெரியுதும்மா, மூடு மூடு!" என்று அலறினாள். நனைந்த புடவை சரிந்து மயில்கழுத்துப் பட்டை வெளியே நின்றது. மூடப் போனேன். ரெனாட்டே என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் பட்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். நீந்தத் தெரியாமலே எனக்காக உடுத்திக்கொண்டு வந்தாயா என்பதுபோல் ஏதோ கேட்டாள். எல்லா வார்த்தையும் புரியவில்லை. மொழிபெயர்க்க யாரும் வேண்டியிருக்கவில்லை.

உடுத்திக்காட்டியாயிற்று.

ஆகஸ்ட் 27

விநாயகர் சதுர்த்தி. ரெனாட்டே கொழுக்கட்டை பிடித்தாள். ஒன்றுகூட வாய் மூடவில்லை. சொன்னேன். "கோரிகீரன்!" என்று மாவுக் கையோடு தட்டை என் பக்கம் தள்ளினாள். ஷோபனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நேத்து என்னம்மா நடந்துச்சு?"

"எனக்கு நீச்சல் தெரியாது. தெரியும் என்று சொன்னது பொய். சம்பந்தியிடம் சொல்லிவிட்டேன், இப்போது உன்னிடமும் சொல்கிறேன்."

"நெனச்சேன்," என்றாள். ஒரு கொழுக்கட்டையின் வாயை அழுத்தி மூடிக்கொண்டே, "கொஞ்சம் வருத்தமா இருக்கும்மா. நீ நீந்தறத கற்பனை பண்ணி வச்சிருந்தேன்," என்றாள்.

தாடி விஷயத்தை அப்போதே கேட்டுவிட்டேன். "உங்கள் பையனை என் பிள்ளையாகவே நினைக்கிறேன்" என்று மொழிபெயர்த்தாளாம். ரெனாட்டேவிடம் நேராகத் திருத்திச் சொன்னேன். அவளுக்கும் அந்தத் தாடி பிடிக்காதாம்.

ஆகஸ்ட் 29

மலைமேல் கல்யாணம் நல்லபடி முடிந்தது. ரெனாட்டே பட்டுப்புடவையைக் கிளிப் இல்லாமலே கட்டிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை முகத்தில் தாடி இல்லை. வாழ்த்து பேனரில் 'இல்லர வாழ்வு' என்று போட்டிருந்தது. இன்று ஒரு நாள் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 3

சின்னவர்கள் இரண்டு பேரும் கேரளா போயிருக்கிறார்கள். ரெனாட்டே என்னோடு. திருப்பதி ரோட்டு ஹோட்டலில் ஒரு நீச்சல்குளம் இருக்கிறது, காலையில் பெண்களுக்குத் தனி நேரம். கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீரில் மல்லாந்து படுக்கச் சொல்லி முதுகுக்குக் கீழே கை கொடுத்தாள். கையை எடுத்தால் அன்றோடு சம்பந்தம் முறிந்தது என்றேன். தமிழில்தான். எடுக்கவில்லை.

செப்டம்பர் 6

எடுத்துவிட்டாள். எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 10

எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. டியூஷன் சென்டருக்குப் போனேன். துளசிங்கம் பலகையை மாற்றியிருக்கிறார். புதிய பலகையில் வேறு பிழை.

செப்டம்பர் 22

ரெனாட்டே போன். ஷோபனா கடைக்குப் போயிருக்கிறாளாம். அவள் வருவதற்குள் நாங்கள் பேசி முடித்துவிட்டோம். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாம்.

எல்லம்மாள் மாடியிலிருந்து சத்தம் போட்டாள். நான் காயப்போட்ட மயில்கழுத்து, அவள் பிழிந்து வைத்த வடகத்தின் மேல் சொட்டிக்கொண்டிருக்கிறதாம். "காஞ்சதும் இத்த மடிச்சு பொட்டில வெச்சுடட்டாம்மா?"

வேண்டாம், கொடியிலேயே கொஞ்சம் தள்ளிப் போடு, விடிவதற்குள் காய வேண்டும் என்றேன்.